ஏழு சுவிட்ச் விளக்கு

ஒப்புதல் தரப்போவதில்லை என்று பிரான்வின் மோஷர் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாளி கிரெய்க் ரஃபூஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தைப் பார்த்த மாடியில் அலுவலகம். வீட்டில் இந்த வாரம் என்ன சமைக்கலாம் என்று சொல்லும் செயலியை ஒன்பது பேர் சேர்ந்து நடத்திவந்தார்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னும் இரண்டு பேர் படித்து ஒப்புக்கொண்டால்தான் அது வெளியே போகும். யூவன் ஸ்விக்கர் எழுதியதற்கு ஒருவர் சரி சொல்லியாயிற்று. மிச்சம் பிரான்வின்தான்.

யூவன் எழுதியது, சந்தாவை நிறுத்தும் பக்கம். முன்பு ஒரே பொத்தான் இருந்தது. இப்போது ஏழு திரைகள். ஐந்தாவதில் ‘தொடர்கிறேன்’ பச்சையாகப் பளபளக்கும்; ‘நிறுத்து’ சாம்பல் நிறத்தில் பதுங்கியிருக்கும். ஆறாவதில் விரல் தவறினால் மறுபடி முதலிலிருந்து. எல்லாம் கிரெய்க்கின் யோசனை.

அடுப்பில் நான்கு பர்னர்களைச் சதுரமாக வைத்துவிட்டுத் திருகுகளை மட்டும் எது எதற்கென்று தெரியாதபடி எதற்கு ஒரே வரிசையில் வைத்தார்கள் என்று இருபது வருஷமாகத் திட்டிவருகிறவள் பிரான்வின். அது யோசிக்காமல் செய்த அசட்டுத்தனம், மன்னித்துவிடலாம். இது உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. அதில் அவள் பெயர் ஏறக்கூடாது.

வியாழன் மதியம் டொனேர் என்ற இறைச்சி ரொட்டிச் சுருளைச் சாப்பிட்டபடி அவரவர் செய்ததைக் காட்டுவது அங்கே வழக்கம். வேலைக்குச் சம்பந்தமில்லாத பொழுதுபோக்குகளுக்கும் தடையில்லை. பிரான்வின் வீட்டில் தானே கம்பிகளை இணைத்துச் செய்த ஒரு மரப்பெட்டியை மேஜைமேல் வைத்தாள். ஏழு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு.

"என்ன இது, நீர்மூழ்கிக் கப்பல்லேருந்து கழட்டிட்டு வந்துட்டியா?" என்றான் கிரெய்க்.

"விளக்குதான், வெறும் விளக்குன்னு நினைச்சுக்கோ. போட்டுப் பாரு."

கிரெய்க் முதல் சுவிட்சைத் தட்டினான். விளக்கு எரிந்தது. கூடவே கொசு மாதிரி ஒரு ரீங்காரம்.

"சரி, அணைக்கறது எப்படி?"

"அதே சுவிட்சுலேருந்து வரிசையா ஏழையும் தட்டணும்."

ஐந்துவரை வந்தான். ஆறாவது வழுக்கியது, எல்லா சுவிட்சும் படபடவென்று பழையபடி எழுந்து நின்றன. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ரீங்காரம் ஏறிக்கொண்டே போனது. அறையே சிரித்தது.

"சனியனே!" பெட்டியைத் திருப்பி பேட்டரியையே பிடுங்கிவிட்டான்.

"சந்தா கட்டறவங்களும் இதைத்தான் பண்ணுவாங்க கிரெய்க். பேங்க்குக்கு போன் போட்டு கார்டையே முடக்குவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டாங்க."

கிரெய்க்கின் முகம் சிவந்தது. "கூத்து முடிஞ்சுதா? இப்ப ஒப்புதல் குடு."

"மாட்டேன்."

"உன் பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போடுவேன்."

"தாராளமா போடு."

"வேலை போயிடும் பிரான்வின்."

"தெரியும். காலையிலேயே மேஜையைக் காலி பண்ணிட்டேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது. கிரெய்க் சுற்றிலும் பார்த்தான். "யார் பண்றீங்க? ஒரு கிளிக்தானே?"

ஒருத்தர் காகிதத்தை மடித்தார். ஒருத்தர் ஜன்னல் வழியே கப்பலைப் பார்த்தார்.

அப்போது சுவர்த் திரையில் யூவனின் நிரல் இருந்த வரி நிறம் மாறியது. ‘எழுதியவரே திரும்பப் பெற்றார்.’

"டேய், என்னடா பண்ணின?" என்று கத்தினான் கிரெய்க்.

யூவன் மடிக்கணினியை மூடினான். இரண்டு குழந்தைக்காரன் அவன். "என் மாமியார் ஜிம் சந்தாவை நிறுத்த முடியாம போன மாசம் போனை என்கிட்ட குடுத்தாங்க. எனக்கும் முடியல. அதே மாதிரி ஒண்ணை நானே எழுதிட்டு, ஞாயித்துக்கிழமை அவங்க எதிர்ல உக்காந்து எப்படிச் சாப்பிடறது?"

"ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க. இப்பவே!"

பிரான்வின் யூவனுக்குப் பக்கத்து நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்து, ஒரு டொனேரைப் பிரித்தாள்.

"சாப்பிட்டுட்டு வரோம்" என்றாள்.