குதிரை நரி பின்னால் வருகிறது

எங்கள் எத்தியோப்பியாவின் சனெட்டி மேட்டுக்கு ஓநாய் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முன்னால்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு வழிகாட்டியான நான் மட்டும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் என் மைத்துனன் அலியி, கூடாரச் சாமான் ஏற்றிய குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தான். குதிரை அவனுடையதல்ல. என் மனைவி துர்சிதுவின் பெண்குதிரை தாமா. நிறைசினை.

அவன் குதிரைக்குக் கால் நொண்டியாம். வாடகைக்குக் குதிரை விடுகிற தன் முறை தவறிப்போகுமே என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதை அவிழ்த்து வந்துவிட்டான். விருந்தாளிகள் எதிரே நின்றதால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மேடு ஏறியதும் திறந்தேன்.

"உங்க அக்கா கேட்டா என்னடா சொல்லுவ?"

"இன்னும் ஒரு மாசம் இருக்கு மச்சான். வயித்தைத் தடவிப் பாத்துட்டுத்தான் அவுத்தேன்."

"ஆமா, நீ பெரிய மருத்துவச்சி."

நடுப்பகல் வரை எலி வளைகளும் காற்றும்தான். டென்மார்க்கிலிருந்து வந்த பிர்கிட் அம்மாளும் அவர் கணவரும் தொலைநோக்கியை இறக்கவே இல்லை. நான் வறுத்த பார்லியை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி திரும்பினேன். செந்நிறத்தில், நெட்டைக் கால்களோடு, ஓர் ஓநாய் தாமாவின் பின்னால் வந்துகொண்டிருந்தது. தாமா நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது.

"நம்ம கூடவே வருதே," என்றார் பிர்கிட் அம்மாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்கு என்ன அதிர்ஷ்டம்."

எங்கள் ஊரில் அதற்குக் குதிரை நரி என்றுதான் பெயர். ஈனப்போகிற குதிரையின் பின்னாலேயே அலைந்து, விழுகிற நஞ்சுக்கொடியைத் தின்னும். நரியிடம் எனக்குப் பயமில்லை. அது கொண்டுவந்த சேதிதான் பயம். இந்தக் குளிரில், வீட்டை விட்டு இவ்வளவு தூரத்திலா?

"ஒரு மாசமா?" என்றேன்.

அலியி அவசர அவசரமாகச் சாமானை இறக்கிக்கொண்டிருந்தான்.

பாறை மறைவில் தாமா படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். விருந்தாளிகளைத் திரும்பி உட்காரச் சொன்னேன்.

"ஓநாயைப் பாக்கத்தானே வந்தோம்?" என்றார் கணவர்.

"யாராவது பாத்துட்டே இருந்தா குதிரை ஈனாதுங்க."

பிர்கிட் அம்மாள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். கடல் தாண்டி வந்தவர்கள் ஓநாய்க்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. போனேன், வந்தேன், கயிற்றை அவிழ்த்தேன், கட்டினேன்.

குட்டி பிறந்தது. பெண் குட்டி. என் போர்வையால் துடைத்துவிட்டோம். தள்ளாடி எழுந்து மடி தேடியது. ஆனால் கொடி விழவில்லை. கொடி உள்ளே தங்கினால் தாய் பிழைக்காது. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் குதிரை அப்படித்தான் போயிற்று. துர்சிதுவின் முகத்தை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் அப்பா கொடுத்தனுப்பிய குதிரை.

மேகம் இறங்கத் தொடங்கிய பிறகுதான் விழுந்தது. விரித்துப் பார்க்கலாம் என்று நான் குனிவதற்குள் நரி கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

"முழுசா விழுந்துச்சாடா?"

"தெரியல மச்சான்." அலியி புதரையே பார்த்தான். "உள்ள மிச்சம் இருந்தா அது நம்மள விடாது. பின்னாலேயே வரும்."

நாங்கள் எங்கள் மொழியில் பேசியது விருந்தாளிகளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் யாரும் சொல்லாமலே தங்கள் மூட்டைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டார்கள். அலியி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான். தாமா அதன் வாலை முகர்ந்தபடி நடந்தாள். நான் நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்பினேன். பிர்கிட் அம்மாளும் திரும்பினார். அவர் அது வர வேண்டும் என்று பார்த்தார்.

இறக்கம் தொடங்குகிற இடத்தில் நின்றோம். மேகம் சற்று விலகி, நடந்து வந்த வழி முழுதும் தெரிந்தது. புல், பாறை, எங்கள் காலடித் தடம். வேறு ஒன்றும் இல்லை.

"வரலையே," என்றார் அந்த அம்மாள், குரல் இறங்கி.

"வரலைங்க," என்றேன். தாமாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த அம்மாள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"வருத்தப்படாதீங்க," என்றார். "நாளைக்கு வேற ஒண்ணு கண்ணுல படும்."