கொசுக்காரம்மா வீட்டு அட்டை

தெருவில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொசுக்காரம்மா என்றால்தான் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். சுகாதார அலுவலகத்தின் நீலக் கோட்டும், ஒரு கையில் டார்ச்சும், மறு கையில் நீளப் பிடி வைத்த கரண்டியுமாக அவள் தெருமுனையில் திரும்பினால் போதும், வீட்டுக்கு வீடு வாளி கவிழும் சத்தம் கேட்கும். டெங்கு பரவத் தொடங்கியதிலிருந்து அந்தச் சத்தம் அவள் காதுக்கு மேளதாளம் மாதிரி ஆகிவிட்டது.

வேலையை ஏனோதானோவென்று செய்கிறவள் இல்லை. தொட்டி, டிரம், பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு எதையும் விடமாட்டாள். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் தண்ணீர் சொட்டுகிற தட்டைக்கூட இழுத்துப் பார்ப்பாள். "கண்ணுல படாத எடத்துலதான் அது குடும்பம் நடத்தும்" என்பாள். ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஓர் அட்டை தொங்கியது. வாரத்துக்கு ஒரு கட்டம். பார்த்து முடித்ததும் அவள் அதில் கையெழுத்துப் போடவேண்டும். தண்ணீரில் புழு நெளிந்தால் வாசலில் சிவப்புத் தாள் ஒட்டவேண்டும்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். அது அவளுடைய வீடு. நாளைக்கு அறுபது வீடு ஏறி இறங்குகிறவளுக்குத் தன் வீட்டில் குனிந்து டார்ச் அடிக்கத் தெம்பு ஏது? அட்டை வந்த அன்றே எட்டுக் கட்டத்திலும் ஒரே மூச்சில் பேனாவை இழுத்துவிட்டாள்.

"பரீட்சை எழுதறதும் நீ, மார்க் போடறதும் நீ. குடுத்து வெச்சவ" என்று சிரித்தார் பஸ் ஓட்டுகிற அவள் கணவர்.

அது ஒரு வாடகை வீடு. நடுவில் சுவர் வைத்து இரண்டாகத் தடுத்தது. இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் கொழுந்தனும் அவன் மனைவியும். கொழுந்தன் எலெக்ட்ரீஷியன். ஓரகத்தி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வாசலில் பதினேழு பூந்தொட்டி வைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பூப் பறித்துக் கொடுத்து, தெருவையே கைக்குள் போட்டுக்கொண்டாள். அதுகூடப் பரவாயில்லை. மூத்தவளான கொசுக்காரம்மாவின் ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு சித்தி வீட்டுக்குத்தான் ஓடினாள். சித்தி தலை வாரினால் வலிக்காதாம். அந்தப் புகைச்சல் மூத்தவளுக்கு அடங்கவே இல்லை.

அந்த மகளுக்குத்தான் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து டெங்குதான் என்று உறுதி செய்தார்கள். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் நேராக ஓரகத்தி வாசலில் போய் நின்றாள். பதினாறு தட்டு உலர்ந்திருந்தது. பதினேழாவதில் அரை விரல் தண்ணீர். அதில் நூல் போல இரண்டு புழுக்கள்.

நேற்றோ முந்தாநாளோ பொரித்தவை. அவற்றுக்குச் சிறகு முளைக்க இன்னும் ஒரு வாரம் ஆகும். நான்கு நாளைக்கு முன்பே காய்ச்சல் கண்ட பெண்ணை அவை கடித்திருக்க வழியில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவளே அவள்தான். இருந்தும் பையிலிருந்து பசையை எடுத்தாள்.

"அக்கா, நேத்து மழையில விழுந்த தண்ணி. இப்பவே கொட்டிடறேனே" என்றாள் ஓரகத்தி.

"கொட்டு. அதுக்கு முன்னாடி எல்லாரும் பாக்கட்டும்."

"நான் வேணும்னு வெப்பேனா அக்கா? அவ எனக்கும் பொண்ணுதானே."

"பெத்துட்டுச் சொல்லு."

தாள் ஒட்டிய ஒன்பதாம் நாள், மூன்றாம் வீட்டுத் தையல்காரரின் சின்ன மகள் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள். இரண்டு குழந்தைகளும் ஒரே சித்தியின் வாசலில் பூக்கோத்து விளையாடியவர்கள். அன்று சாயங்காலம் தெருக்காரர்கள் பதினேழு தொட்டியையும் தூக்கி நடுரோட்டில் போட்டு உடைத்தார்கள். தையல்காரர் எதையும் உடைக்கவில்லை. சிவப்புத் தாளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். கொழுந்தனுக்கு வருகிற வேலை நின்றது. "இருட்டுலயே இருந்துக்கறோம், நீ வந்து ஃபேனைத் தொடாதே" என்றார்களாம். கடைசியில் வீட்டுக்காரர் வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் தாள் இறங்காவிட்டால் அந்தப் பாதியைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாளை ஒட்டிய கைதான் இறக்கவும் முடியும்.

சனிக்கிழமை மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். விழுங்கக் கொடுத்த மாத்திரை கை நழுவி ஃப்ரிட்ஜுக்கு அடியில் உருண்டது. மூத்தவள் ஃப்ரிட்ஜை நகர்த்தினாள். பழக்க தோஷத்தில் டார்ச்சை அடித்தாள்.

பின்பக்கத் தட்டு முக்கால்வாசி நிறைந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் அதிலிருந்தவை எல்லாம் ஒன்றாக அடியில் இறங்கின. கொழுத்தவை, சின்னவை, கூட்டுப்புழுவாகச் சுருண்டவை. சிறகு முளைத்துப் பறந்துபோனவை விட்ட தோல்கள் மேலே மிதந்தன. இது நேற்றைய மழை இல்லை. இரண்டு மாதத்துக் குடித்தனம். எட்டுக் கையெழுத்தும் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன.

தட்டைக் கழற்றி வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையில் ஊற்றிவிட்டு உள்ளே வந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஓரகத்தி. கையில் பிழிந்த மாதுளம்பழச் சாறு.

"பாப்பாவுக்கு அக்கா. நான் உள்ள வரல. இப்படியே வெச்சுடறேன்" என்று டம்ளரை வாசற்படியில் வைத்தாள். "ஒரு தடவை வந்து பாத்துட்டு அந்தத் தாளை எடுத்துடுங்க. தரையெல்லாம் நாலு தடவை கழுவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நாளைக்குக் காலி பண்ணச் சொல்றாங்க. எங்க போறதுன்னே தெரியல."

மூத்தவள் உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் சாவு விழுந்த தெருவில் தாளை இறக்கினால் புழு வேறு எங்கே வளர்ந்தது என்று அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். முதலில் கதவுக்குப் பின்னால்தான் பார்ப்பார். பிறகு தையல்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

"ஒருத்திக்காக ரூலை மாத்த முடியாதும்மா" என்றாள். "ஒரு மாசம் தாள் இருக்கணும்."

"ஒரு மாசமா? எதிர் வீட்டுக்கு மூணே நாள்ல எடுத்தீங்களே அக்கா."

"அங்க யாரும் சாகல."

ஓரகத்தி டம்ளரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன லாரி வந்தது. கொழுந்தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலைத் தூக்கினான். பஸ் ஓட்டுகிறவருக்கு அன்று டியூட்டி இல்லை. ஆனாலும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசியாக ஃப்ரிட்ஜ் ஏறியது. ஓரகத்தி அதன் பின்பக்கத் தட்டைக் கழற்றி, துடைத்து, வெயிலில் காட்டிவிட்டு மாட்டினாள். பளபளவென்று இருந்தது.

"நீங்க தெருவுல சொன்னதைக் கேட்டுத்தான் வாராவாரம் கழுவறேன்" என்றாள் மூத்தவளைப் பார்த்து. "ஒருநாள் உங்களதையும் கழுவட்டுமான்னு கேட்டேன். 'என் வீட்டுக்கு நீ இன்ஸ்பெக்டரா'ன்னு துரத்தினீங்க. ஞாபகம் இருக்கா அக்கா?"

அந்தக் கண்ணில் கோபம் இருக்கிறதா, சந்தேகம் இருக்கிறதா, வெறும் களைப்புதானா என்று மூத்தவளுக்குப் பிடிபடவில்லை. தையல்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"போற எடத்துலயாவது சுத்தமா இரு" என்றாள், அவருக்கும் கேட்கும்படி.

லாரி திரும்பி மறைந்ததும் உள்ளே போய்ப் புது அட்டையை எடுத்தாள். மகள் ஜன்னலோரம் வாரிக்கொள்ளாத தலையோடு நின்றிருந்தாள்.

"அம்மா, நேத்து நீ கொட்டின தட்டுல என்னமோ நெளிஞ்சுதே?"

"தூசி."

"இல்லம்மா, நெளிஞ்சுது. நான் பாத்தேன்."

"காய்ச்சல் வந்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். யார்கிட்டயும் சொல்லி வெக்காதே, பைத்தியம்னு சிரிப்பாங்க."

மகள் தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜையே பார்த்தாள். மூத்தவள் பேனாவைத் திறந்து, புது அட்டையின் எட்டுக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டாள். பிறகு பக்கத்துப் பாதியின் அட்டையை எடுத்து, அதில் 'பூட்டிய வீடு' என்று எழுதினாள்.