அது சிரிப்புப் படம் இல்லை

புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த துளசிக்கு, வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. தியேட்டரில் ஓடாமல் போய், எல்லாரும் மறந்துவிட்ட சிரிப்புப் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பாள். பிடித்துவிட்டால் கைப்பேசியை எதிரே நிறுத்தி, "இதப் பாக்காம விட்டுடாதீங்க லா" என்று யூடியூபில் பேசுவாள்.

அவள் பேசியதிலேயே அதிகம் பேர் பார்த்தது 'நெஞ்சில் விழுந்த இடி' பற்றியதைத்தான். இருபது வருடங்களுக்கு முன் கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் எடுத்த உள்ளூர்ப் படம். வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'அந்தப் படத்தின் கதாநாயகன் நான்தான். அது காமெடிப் படம் இல்லைம்மா. தயவுசெய்து உன் வீடியோவை எடுத்துவிடு.' கீழே, பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர ஊரில் ஒரு முகவரி.

அதற்குப் பிறகு அவளுக்கு எதிலும் கை ஓடவில்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினாள்.

"டிலீட் பண்ணிட்டுப் போயேன்டி, இதுக்குப் போயி," என்றாள் உடன் வேலை செய்யும் ஷெல்லி.

அதுவும் முடியவில்லை. விரல் அந்தப் பொத்தான்வரை போய்த் திரும்பியது. எடுத்துவிட்டால் அந்தப் படத்தைப் பற்றிப் பேச இனி ஆளில்லை. வைத்திருந்தால் ஒரு மனிதரைச் சந்தி சிரிக்க வைத்ததாக ஆகும். ஞாயிறன்று காலையிலேயே அந்த முகவரியைத் தேடிக் காரை எடுத்துவிட்டாள்.

செய்தி அனுப்பிய கணேஸ்வரன் வீட்டு வாசலில் மீன் ஏற்றும் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் யாரென்று சொன்ன பிறகும் குழாயை மூடவில்லை.

"எந்த இடத்துல சிரிச்ச?"

"மழையில ஹீரோயினத் தூக்கிட்டு ஓடுவீங்கள்ல அங்கிள்... வழுக்கிக் கால்வாயில விழுவீங்களே..."

"அது அவ சாகுற சீன்மா."

உள்ளேயிருந்து ஒரு சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு அவர் மனைவி நவமணி நின்றிருந்தார். படத்தில் செத்துப்போகும் கதாநாயகி அவர்தான்.

"நீ ஏன் சிரிக்கிற?"

"உங்க ஒட்டு மீச என் கன்னத்துல வந்து ஒட்டிக்கிச்சு. நான் பொணமாக் கெடக்கணும். எப்படி அடக்கிக்கிட்டுக் கெடந்தேன்னு எனக்குத்தான் தெரியும்."

"இத்தன வருஷமா சொல்லவே இல்லியே!"

"படத்துப் பேச்ச எடுத்தாலே மொகத்தத் தூக்கி வச்சுக்குவீங்க. எப்படிச் சொல்றது?"

அவர் குழாயை மூடினார். "போடு, பாப்போம்," என்றார்.

மூவரும் அவள் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். கால்வாய்க் காட்சி வந்ததும் நவமணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். கணேஸ்வரன் சிரிக்கவில்லை. துளசிக்கு உட்கார்ந்திருக்கவே முடியவில்லை.

"டைரக்டர் வாசு கட் சொல்லவே இல்ல," என்றார் அவர் கடைசியில். "நான் என்ன பண்றது? வசனத்தப் பேசிக்கிட்டே இருந்தேன்."

"அதான் அங்கிள் எனக்குப் பிடிச்சது. சேத்துல விழுந்தும் நீங்க விடல. நான் கிண்டலுக்குச் சொல்லல." அவள் கைப்பேசியைக் கையில் எடுத்தாள். "வேணாம்னா இப்பவே எடுத்துடுறேன்."

அவர் கையைச் சட்டையில் துடைத்தார்.

"எடுக்காத. ஆனா சிரிக்க வைக்க நாங்க நடிக்கலன்னு சொல்லிடு. அப்புறம், என் பேரு கணேஸ்வரன். நீ கணேசன்னு சொல்லியிருக்க."

கடலோர மேட்டில் நின்று அவள் மறுபடி பதிவு செய்தாள். காற்று பாதிப் பேச்சைத் தின்றது. பக்கத்தில் நின்ற கணேஸ்வரன் இரண்டு இடங்களில் அவளை நிறுத்தித் திருத்தினார்.

பதிவேற்றிய பிறகும் மனம் அடங்கவில்லை. மறுநாள் கேன்டீனில் சோற்றைப் பிசைந்தபடியே வீடியோவுக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்தவற்றைப் படித்தாள். 'இவனெல்லாம் ஒரு நடிகனா?' என்று யாரோ ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு நவமணி பதில் போட்டிருந்தார்: 'அவரு என் புருஷன். மழையில ஒரு பொம்பளையத் தூக்கிக்கிட்டு நீ ஓடிப் பாரு தம்பி, அப்புறம் பேசு.'

சிரித்ததில் துளசிக்குப் புரையேறியது. ஷெல்லி அவள் தலையில் தட்டி, தண்ணீரை நீட்டினாள்.