அட்டையில் போட்ட டிக்

முப்பத்திரண்டாம் நம்பர் வீட்டுக்காரி போன் செய்தபோது, மேனேஜர் படிக்கட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தண்ணீரை நிறுத்தினால் நோட்டீஸ், லிஃப்டுக்கு எண்ணெய் போட்டால் நோட்டீஸ். கட்டிடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயரே நோட்டீஸ் மாமா. வாடகைக்கு இருப்பவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது சட்டம். அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

மீறியது வேறொன்றை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், குளியலறை கேஸ் ஹீட்டரின் நச்சுப்புகையை வெளியேற்றும் குழாயைப் பார்த்து, அட்டையில் டிக் போட வேண்டும். நாற்பது வீடு. போனால் பாதி வீடு பூட்டியிருக்கும், மீதியில் வாசலிலேயே குறைப் பாட்டு ஆரம்பமாகிவிடும். அதனால் முறைப்படி நோட்டீஸை ஒட்டிவிட்டு, ஆபீசில் உட்கார்ந்தபடி, டீ ஆறுவதற்குள் நாற்பதுக்கும் டிக் போட்டு, கையெழுத்திட்டு, வாசல் கதவிடுக்கில் செருகிவிடுவார். எட்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை. அதனால் தப்பாகவும் படவில்லை.

அவள் வேலையிடத்திலிருந்து பேசினாள். மகளுக்கு மூன்று நாளாகத் தலைவலியாம், பள்ளிக்கு லீவு. துணி அலசப் போகிறேன் என்றவள், ஒரு மணி நேரமாகப் போனை எடுக்கவில்லையாம்.

“ஹீட்டர் புகையா இருக்குமோன்னு முதல்ல ஒரு சந்தேகம் சார். அப்புறம், போன வாரந்தானே நீங்க பாத்து அட்டை வெச்சிட்டுப் போனீங்க, பாத்ரூம் கதவுல கூட ஒட்டியிருக்கேன். அதான் அது இல்லன்னு விட்டுட்டேன். தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. சும்மா கதவைத் தட்டிப் பாக்குறீங்களா?”

போறேம்மா என்றாரா, சொல்லாமலே ஓடினாரா என்று அவருக்கே தெரியாது. இரண்டாம் மாடி ஏறியபின் மாற்றுச்சாவி நினைவுக்கு வந்தது. மறுபடி கீழே இறங்கினார். காவலாளியிடம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினார். கடவுளே, அது என் பிள்ளை மாதிரி, ஒரே ஒரு தடவை விட்டுடு.

சாவி போட்டுத் திறந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது உதையில் குளியலறைத் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே ஆவி மண்டியிருந்தது. புகைக்குழாய் ஹீட்டரை விட்டுக் கழன்று பக்கவாட்டில் தொங்கியது. பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அந்தப் பெண் அம்மாவின் வேலைச் சட்டையைக் கையில் பிடித்தபடியே சரிந்து கிடந்தாள்.

கேஸை மூடி, அவளைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டார். பெயர் தெரியவில்லை. “பாப்பா, பாப்பா” என்று கன்னத்தில் தட்டினார். குளியலறைக் கதவில் ஒட்டியிருந்த எதையோ பிய்த்து வந்து விசிற ஆரம்பித்தார். கை நாலைந்து முறை போய் வந்த பிறகுதான், அதிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

அறைக்குள் எங்கோ விழுந்துகிடந்த அவர் போன் அடித்தது. அம்மாக்காரியாகத்தான் இருக்கும்.

பெண்ணின் உதட்டோரம் ஒட்டியிருந்த முடி ஒன்று லேசாக அசைந்தது. மூச்சா, அட்டையின் காற்றா? விசிறுவதை நிறுத்தினால் தெரிந்துவிடும். அவர் நிறுத்தவில்லை.