ஐந்தாவது சிலிண்டர்

கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே கனாயேவுக்கு இல்லை. காதே போதும். வெள்ளைக் கார் கடைசி வளைவைக் கடந்து நேர்ப்பாதையில் ஏறியது. டர்போவின் விசில் மேலே, மேலே போனது. இதோ, இதோ என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். விசில் உச்சிக்குப் போன அந்த நொடியில் இன்ஜின் 'பட், பட், படபட' என்று இருமியது.

"அடச்சே!" என்று, தடத்தோரம் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டின் சுவரை உதைத்தாள். குளிரில் கட்டை விரல் வலித்தது. உதைத்திருக்கக் கூடாது.

குரிஹாரா கனாயே சொந்தமாக ட்யூனிங் கடை போட்டு மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கடையின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு பந்தயத் தடத்தில் ஓடுகிற ஒரே கார் இதுதான். ஆறு சிலிண்டர், டர்போ, தொழிற்சாலை கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு சக்தி. எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இன்ஜினுக்குச் சொல்லும் மேப்பை நவம்பரில் அவள்தான் எழுதினாள். டிசம்பரில் சக்தியை அளக்கும் உருளை மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தபோது பூனைக்குட்டி மாதிரி சமர்த்தாக இருந்தது. புத்தாண்டு கழிந்ததும் இந்த இருமல்.

கார் பிட்டுக்குள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எபிசாவா இறங்கினார். வயது ஐம்பத்தெட்டு. மூன்று தலைமுறையாக சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்யும் குடும்பம். இந்தத் தடத்தை ஒரு நிமிடத்துக்குள் சுற்றிவிட வேண்டும் என்று எட்டு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறார். இதுவரை அவருடைய சிறந்த நேரம் அறுபது புள்ளி நான்கு. குளிர்ந்த காற்றில்தான் டர்போவுக்கு வலு அதிகம். ஜனவரியை விட்டால் அடுத்த குளிர்காலம்தான். இன்றைக்கு மிச்சம் இருப்பது பதினொன்று இருபதுக்கு ஒரே ஓட்டம்.

"சிரமம் கொடுக்கறேன், குரிஹாரா-சான்" என்று எபிசாவா தலை தாழ்த்தினார். "நான் ஓட்டற விதத்துலதான் தப்போ என்னவோ."

"நீங்க ஓட்டறதுல ஒண்ணும் இல்லை. எப்ப வருது? அதே இடமா?"

"அதே இடம்தான். முழுசா மிதிச்சா வருது. பாதி மிதிச்சா நல்லா இருக்கு." அவர் கையுறையை மெதுவாக உருவினார். "இன்னிக்கு ஆகலைன்னா... ஒரு தடவை ஹச்சியா-சான் கிட்டயும் காட்டிப் பாக்கலாமான்னு நண்பர்கள் எல்லாம் சொல்றாங்க. அதான்..."

மீதியைச் சொல்லவில்லை. எபிசாவா எந்த வாக்கியத்தையும் முடிப்பவரல்ல. கனாயேவுக்குப் புரிந்துவிட்டது. இன்று தேறாவிட்டால் கார் கைமாறும்.

ஹச்சியா அவளுடைய பழைய முதலாளி. நான்கு பிட் தள்ளி, மூன்று கார்களும் ஏழு ஆட்களுமாகக் கொடி கட்டிக்கொண்டு நின்றார். போன நவம்பர்வரை எபிசாவா அவருடைய வாடிக்கையாளர்தான்.

லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். எந்த சிலிண்டர் எத்தனை முறை பெட்ரோலைப் பற்றவைக்காமல் விட்டது என்ற கணக்கு திரையில் வந்தது. இரண்டு வாரமாக ஐந்தாவது சிலிண்டர் மட்டும்தான் தகராறு செய்துகொண்டிருந்தது. இப்போது ஐந்தாவதோடு இரண்டாவதும்.

நேற்று மாலை டோஃபு கடையின் பின்கட்டில் வைத்து, ஐந்தாவதின் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றி இரண்டாவதிலும் இரண்டாவதின் காயிலை ஐந்தாவதிலும் மாட்டியிருந்தாள். காயில் கெட்டிருந்தால் நோய் அதோடு கூடவே இரண்டாவதுக்குப் போகும். போகாவிட்டால் காயில் நல்லது. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நோய் போகவும் செய்தது, இருந்த இடத்தில் இருக்கவும் செய்தது!

பரவுகிறதா? அப்படியானால் மேப்தான். என் மேப்தான்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து காரைச் சுற்றி வந்தாள். எபிசாவா சூடான சோளச் சூப் டின் ஒன்றை நீட்டினார். வாங்கி, திறக்காமலே கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் மூன்று முறை மேப்பை மாற்றிவிட்டாள். தீப்பொறியைத் தாமதப்படுத்தினாள், பெட்ரோலைக் கூட்டினாள். ஒவ்வொரு மாற்றத்திலும் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கோழையானதுதான் மிச்சம். டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் இருமல் போய்விடும். ஒரு நிமிடக் கனவும் போய்விடும்.

அப்போது பார்த்து ஹச்சியா வந்தார். வாயில் பற்ற வைக்காத சிகரெட், முதுகுக்குப் பின்னால் கை.

"என்ன குரிஹாரா, குழந்தைக்கு சளி போலிருக்கே. அங்கேருந்தே கேக்குது."

"பாத்துட்டிருக்கேன் முதலாளி."

"முதலாளியா! விட்டுட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு, இன்னும் முதலாளி. அந்த மரியாதையை மேப் எழுதும்போதும் காட்டியிருக்கலாம். ரொம்பப் பேராசைமா உனக்கு. அவ்வளவு அழுத்தத்தை இந்த இன்ஜின் தாங்காது."

"தாங்கும்."

"அது இருமுது, நீ தாங்கும்ங்கறே. சரி சரி. எபிசாவா-சான், முடிஞ்சா அந்தப் பக்கம் வாங்க, டீ இருக்கு." சிகரெட்டைக் காது மேல் செருகிக்கொண்டு போனார்.

மணி ஒன்பது ஐம்பது. காற்று கசிகிறதோ? அதையும் பார்த்துவிட வேண்டியதுதான். டர்போவிலிருந்து வரும் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகள் பதினொன்று. எந்த ஸ்க்ரூவை முடுக்கினாலும் அதன் மேல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பது அவள் வழக்கம். கோடு ஸ்க்ரூவிலும் பக்கத்து உலோகத்திலும் ஒரே நேராக இருந்தால் அசையவில்லை என்று அர்த்தம். டார்ச்சை அடித்தாள்.

முதல் கிளிப்பில் கோடு இல்லை.

இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை. கனாயே பதினொன்றையும் பார்த்து முடித்தாள்; எதிலும் இல்லை. ஒன்றைக்கூட முடுக்கவில்லையா? மறந்தேனா? பதினொன்றையுமா? ஸ்பானரை வைத்துப் பார்த்தாள். எல்லாம் கல் மாதிரி இறுகியிருந்தன. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனபோது ஒரு ஸ்க்ரூவின் பள்ளத்துக்குள் கடுகளவு மஞ்சள் தெரிந்தது.

யாரோ துடைத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்து இன்ஜினை முழுதாகப் பார்த்தாள். இரண்டு வாரமாகப் பார்க்காததை இப்போதுதான் பார்த்தாள். கல்யாணப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. ஒரு விரல் ரேகை கிடையாது. காரின் முன்பக்கம் சம்பிரதாயத்துக்குக் கட்டியிருந்த புத்தாண்டு வைக்கோல் மாலையின் துணுக்குகூட உள்ளே விழவில்லை.

"எபிசாவா-சான், போன வாரம் உங்க கிட்ட ஒண்ணு கேட்டேன். வண்டியில ஏதாவது பண்ணினீங்களான்னு."

"ஆமா. ஒண்ணுமே பண்ணலை. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடலை."

"இதுல மஞ்சளா கோடுகள் இருந்துதே?"

"ஓ, அந்தக் கறையா!" அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப அழுத்தமான கறை. பழைய டூத்பிரஷ் வச்சுத் தேய்ச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு."

"எப்ப?" என்றாள் கனாயே.

"வருஷக் கடைசியில. வீடு, கடை எல்லாம் சுத்தம் பண்ணுவோம் இல்லையா, அப்படியே காரையும். அழுக்கோட புது வருஷத்துக்குள்ள போகக் கூடாதே. அதுவும் மறுபடி உங்க கைக்கு வரப்போற வண்டி, அழுக்கா கொடுத்தா என்ன மரியாதை?"

"தண்ணி விட்டீங்களா? உள்ளே?"

"சோயா வேகவைக்கிற அண்டாவைக் கழுவ அழுத்தத்துல அடிக்கிற பம்பு ஒண்ணு இருக்கு. சுடுதண்ணி. சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "...தப்பா?"

அவள் அதற்குள் காயில் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இன்ஜின் இன்னும் கொதித்தது. விரல் சுட்டது, உதறிவிட்டு மறுபடி கைவைத்தாள். ஐந்தாவதின் காயில் வந்தது. நேற்று அதோடு நிறுத்தியிருந்தாள். இன்று நீள ஸ்பானரைக் குழிக்குள் விட்டு, தீப்பொறி போடும் பிளக்கையும் திருகி எடுத்தாள். அதன் வெள்ளைப் பீங்கானில், மேலிருந்து கீழ்வரை, பென்சிலால் கீறினதுபோல் ஒரு கறுப்புக் கோடு.

"வாங்க, பாருங்க." அவள் பிளக்கை அவர் பக்கம் நீட்டினாள். "பிளக் இருக்கிற குழியில தண்ணி நின்னிருக்கு. மின்சாரம் உள்ளே போய்ப் பொறியா விழணும். அதுக்கு வெளியே ஈரத்து மேல சுலபமா ஒரு வழி கிடைச்சிருக்கு. தண்ணி என்னைக்கோ காஞ்சு போச்சு. ஆனா போன வழி கருகிப் பாதையா நின்னு போச்சு. நீங்க முழுசா மிதிச்சா உள்ளே அழுத்தம் ஏறும், பொறி விழறது கஷ்டம். அப்ப மின்சாரம் இந்தப் பாதையில ஓடிடும்."

பிளக்கைக் கவ்விக்கொள்ளும் காயிலின் ரப்பர் குழலுக்குள் டார்ச் அடித்தாள். அங்கும் அதே கோடு. அது நேற்றுவரை இரண்டாவதில் நல்ல பிள்ளையாக இருந்த குழல். கெட்டுப்போன பிளக்கின் மேல் மாட்டியதும் ஒரே நாளில் அதுவும் கருகிவிட்டது. ஐந்தாவதின் கெட்ட குழல் போய் இரண்டாவதின் நல்ல பிளக்கைக் கெடுத்திருந்தது. பரப்பியது அவளேதான்.

"அப்போ மேப்?" என்றார் எபிசாவா மெல்ல.

"மேப்ல ஒண்ணும் இல்லை." கனாயே பெட்டியைத் திறந்து துழாவினாள். "புதுப் பிளக் என்கிட்ட இருக்கு. குழல் ரெண்டு வேணும். பழசையும் புதுசையும் சேத்தா புதுசும் போயிடும்."

குழல் இருக்கும் ஒரே இடம் நான்கு பிட் தள்ளி. மணி பத்து முப்பத்தைந்து.

ஓடினாள். ஹச்சியா தன் வாடிக்கையாளர்கள் நடுவில் உட்கார்ந்து, எபிசாவாவின் மனைவி காலையில் எல்லோருக்கும் கொடுத்தனுப்பியிருந்த, பொரித்த டோஃபுவில் சோறு அடைத்த உருண்டையை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, காயில் குழல் ரெண்டு வேணும்."

"மேப்புக்கு ரப்பர் போடப் போறியா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "என்ன கோளாறு? சொல்லிட்டு வாங்கிக்கோ."

கனாயே வாயைத் திறந்தாள். பின்னால் காலடி கேட்டது. எபிசாவாவும் வந்து நின்றிருந்தார். இத்தனை பேர் முன்னால் இந்த மனிதரின் டூத்பிரஷ் கதையைச் சொல்வதா?

"காயிலை மாத்தி வச்சு நான்தான் ரெண்டாவதையும் கெடுத்தேன். என் தப்பு."

"பாத்தியா, நான் அப்பவே..."

"இல்லை." எபிசாவா முன்னால் வந்து இடுப்புவரை குனிந்தார். "தப்பு என்னுது. அண்டா கழுவற பம்பால இன்ஜினைக் கழுவினேன். குரிஹாரா-சான் போட்ட மஞ்சள் கோட்டையும் தேய்ச்சு அழிச்சேன். வருஷா வருஷம் கழுவறதுதான்."

சிரிப்பு எழுந்தது. ஹச்சியா மட்டும் சிரிக்கவில்லை. உருண்டை பாதியில் நின்றது.

"வருஷா வருஷமா?"

"ஆமா. உங்க கிட்ட வந்த காலத்துலயும்."

"ஜனவரி ஆனா இருமும், நான் காயில், பிளக் எல்லாத்தையும் சேத்து மாத்துவேன், சரியாகும். அடுத்த ஜனவரி மறுபடி வருவீங்க." ஹச்சியா விரல் விட்டு எண்ணினார். "நாலு தடவை. நாலு தடவை மாத்தினேன்யா! இந்த இன்ஜினுக்குக் குளிர் ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்!" தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தன் ஆள் பக்கம் திரும்பி, "டேய், நின்னு பல்லைக் காட்டாதே. அந்த நீலப் பெட்டியை எடு. ரெண்டு எதுக்கு, ஆறையும் கொடு" என்றார். கனாயேவைப் பார்க்காமலே, "மேப் நல்லா இருந்தா நல்லதுதான்" என்று முனகினார்.

ஆறு பிளக், ஆறு குழல். பதினொன்று ஐந்துக்குக் கடைசிக் காயிலை அழுத்தினாள். லேப்டாப்பில் கோழை மேப்புகள் மூன்றையும் தள்ளிவிட்டு, நவம்பரில் எழுதிய முதல் மேப்பை ஏற்றினாள். பொத்தானை அழுத்தும்போது விரல் ஒரு கணம் தயங்கியது. அழுத்தினாள்.

பதினொன்று இருபதுக்குக் கார்கள் கிளம்பின. கனாயேவால் சுவரில் நிற்க முடியவில்லை. பிட்டுக்குள் போனாள், வெளியே வந்தாள், ஆறிப்போன சூப்பை ஒரே மடக்கில் குடித்தாள். முதல் சுற்று டயரைச் சூடாக்க. இரண்டாவது சுற்றில் கடைசி வளைவு தாண்டி விசில் ஏறியது. மேலே. இன்னும் மேலே. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருமவில்லை.

துணியைக் கிழிப்பது மாதிரி ஒரே சீரான சத்தம் அவளைக் கடந்து போனது. அறுபது புள்ளி இரண்டு. மூன்றாவது சுற்றில் முன்னால் ஒரு மெதுவான கார், வீண். நான்காவதில் விசில் மறுபடி ஏறியது. பலகையில் எண்கள் மாறின.

ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு ஏழு.

நான்கு பிட் தள்ளி யாரோ விசிலடித்தார்கள். ஹச்சியாவாகத்தான் இருக்க வேண்டும்.

சந்தோஷத்தில் எபிசாவா அடுத்த வளைவை மறந்து புல்லில் இறங்கி, உருகிய பனிச் சேற்றையெல்லாம் வாரிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெள்ளைக் கார் முட்டிவரை கறுப்பு. ஹெல்மெட்டைக் கழற்றினார், கண் சிவந்திருந்தது. பேச வாய் வராமல் மூன்று முறை குனிந்தார். பிறகு சேற்றைப் பார்த்தார். கை தானாகப் பைக்குள் போய்த் துணியை எடுத்தது.

கனாயே அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கை வைக்காதீங்க."

"இவ்வளவு அழுக்கோடயா..." என்று இழுத்தார். "அடுத்த மாசம் ஆயில் மாத்த வரும்போது..."

"இப்படியே வாங்க" என்று மீதியை அவள் முடித்தாள். மஞ்சள் பேனாவை எடுத்துக்கொண்டு பானட்டைத் தூக்கினாள்.