ஆவூருக்கு வந்த ஆறு பாடங்கள்

தபாலில் சுருக்கெழுத்து கற்றுக்கொள்ளலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் பார்த்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. பேசுகிற வேகத்துக்கு எழுதுகிற வித்தையாம். அதை ஒரு உறையில் போட்டுச் சென்னையிலிருந்து ஆவூருக்கு எப்படி அனுப்புவான்? பார்த்துவிடலாம் என்று கார்டு போட்டேன். ஆறு பாடங்கள் இனாமாக வந்தன. கூடவே, ‘இந்த முறை உங்களுக்கு ஏற்றதா?’ என்று கேட்டு ஒரு சோதனைத் தாள்.

அது 1958. சர்க்கார் ஆபீசுகளில் இனி எல்லாம் தமிழ்தான், தமிழ்ச் சுருக்கெழுத்து தெரிந்தால் வேலை நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். புருஷன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். நானும் என் ஐந்து வயது மகள் சூசையம்மாளும் அண்ணன் அடைக்கலசாமி வீட்டில் இருந்தோம். தபாலில் படித்தால் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் திருச்சியில் கன்னியாஸ்திரீகள் விடுதியில் ஒரு வருஷம் தங்கிப் படிக்க வேண்டும். அங்கே பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். சூசையை விட்டுவிட்டு ஒரு வருஷமா? தபால்தான் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் அந்தத் தாளையே பிரித்தேன். அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பாடங்கள் வேடிக்கையாக இருந்தன. மெல்லிய கோடு ஓர் எழுத்து, அதையே அழுத்தி இழுத்தால் வேறோர் எழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கிறதென்று மதினி சிரித்தாள். சிக்கல் நாலாம் பாடத்தில் வந்தது. ஒருவர் வாசிக்க, கேட்டு எழுதிப் பழக வேண்டுமாம். மதினிக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், நாலு மைல் நடந்து போய் நடந்து வருகிறவர்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் செபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணிச் செபம் நடக்கும். மதினி சொல்ல ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டாள். நான் பென்சிலோடு உட்கார்ந்தேன். முதல் நாள் மாலையில் பத்து மணி உருள்வதற்குள்ளேயே கை ஓய்ந்தது. மூன்று வாரத்தில் மதினியின் வாயை என் கை முந்தியது. “மாதாவுக்குச் சொல்றியா, மெட்ராசுக்குச் சொல்றியா?” என்று அவள் முறைத்துக் கேட்டதை நான் காதில் வாங்கவில்லை. அண்ணனின் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு எண்பது வார்த்தை! எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளில், தினமும் வாசிக்க ஆள் உண்டா என்ற இடத்தில் ‘உண்டு’ என்றும், வேகத்துக்கு ‘எண்பது’ என்றும் எழுதிவிட்டேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணனிடம் போனேன். பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு, பத்திரிகையை விரித்து, என்னை எழுதச் சொல்லி, தென்னைக்கு உரம் வைக்கும் விவரத்தை நிதானமாக வாசித்தார். மூன்றாவது வரியில் என் கை நின்றுபோனது. எழுதினவரைக்கும் படி என்றார். எனக்கே புரியவில்லை. கோபத்தில் முந்தைய பக்கங்களைத் திருப்பி, செபத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன்.

“கண்ண மூடிக்கிட்டுல்ல வாசிக்கிறே, செல்வி” என்றார் அண்ணன்.

பென்சிலை வீசியெறிந்தேன். மூன்று வாரமாக மனப்பாடமான ஒன்றையே எழுதி என்னை நானே ஏமாற்றியிருக்கிறேன், வெட்கக்கேடு. இனி தினமும் வாசிக்கிறேன் என்று அண்ணனே முன்வந்தார். மறுநாள் ஆறாவது வரியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். புழுதி படிந்த அந்தக் கால்களைப் பார்த்த பிறகு எழுப்ப மனசு வரவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ‘உண்டு’ என்றிருந்ததை அடித்து ‘இல்லை’ என்று எழுதினேன். பாடம் நல்ல பாடம்தான், என் வீட்டுக்குத்தான் அது சரிப்படாது. திருச்சி விடுதிக்கு அன்றே கடிதம் போட்டேன்.

சூசையிடம் சொல்ல நான்கு நாள் ஆனது. மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். ஒரு வருஷம் என்றால் எவ்வளவு என்று கேட்டாள், விரல் விட்டுக் காட்டினேன். அழவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

மறுநாள் காலை சீப்பை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வரவில்லை. மதினிக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் பின்னி விடுகிறேன் வா என்று கூப்பிட்டேன்.

“வேணாம் ஆத்தா. அத்தகிட்ட இப்பயே பழகிக்கிறேன்.”