டயர் மேல் சாவி

பொனேர் தீவுக்கு முக்குளிக்க வருகிறவர் யாராக இருந்தாலும், ஆயிரம் தடவை கடலுக்குள் போனவராக இருந்தாலும், முதல் நாள் காலையில் என் முன்னால் உட்கார்ந்து சட்டதிட்டங்களைக் கேட்டே ஆகவேண்டும். பவளத்தைத் தொடக்கூடாது, கையுறை போடக்கூடாது, இப்படிப் போகும். கடைசியில் வண்டி விஷயம் சொல்வேன்.

"வண்டியப் பூட்டாதீங்க. ஜன்னல இறக்கி விட்ருங்க. உள்ள எதையும் வைக்காதீங்க. பூட்டியிருந்தாத்தான் ஏதோ இருக்குன்னு உடைப்பானுங்க. சாவிய முன் டயர் மேல வச்சிட்டு நிம்மதியா இறங்குங்க."

இருபத்திரண்டு வருடமாக நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் இருந்த ஓட்டை போன மாசம் ஒரு வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அன்று என்னோடு வந்தவர் கெர்பன். ஹாலந்துக்காரர். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. ஏழு வருடமாக வருகிறார். ஏழு வருடத்தில் ஒரு கடல்குதிரையைக்கூடப் பார்த்ததில்லை. முதல் தடவையாகத் தண்ணீருக்குள் தலையை விட்ட ஒரு கனடா தம்பதி அந்த வாரம்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் போனால் மட்டும் அது எங்கேயோ ஒளிந்துகொள்ளும். இந்த வருடத்தோடு முக்குளிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு விமானம். முங்கி எழுந்து ஒரு முழு நாள் ஆகாமல் விமானம் ஏற விடமாட்டோம். அதனால் அன்று இரண்டு மணிக்குள் அவர் கரையேறிவிட வேண்டும். அதோடு சரி.

காலையில் ஒரு தடவை இறங்கினோம். கடல்குதிரை வழக்கமாக இருக்கும் ஊதா நிறப் பவளத்தில் அது இல்லை. மேலே வந்து, சிலிண்டர்களைக் கரையிலேயே வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து, சீஸ் வைத்துப் பொரித்த பஸ்தேச்சி தின்றோம்.

"ரூத்மிலா, அது என்னோட கோவமா இருக்குது போல," என்றார் கெர்பன்.

"உங்க மீசையப் பாத்து பயந்திருக்கும். இன்னொரு வாட்டி பாப்போம், விடுங்க."

பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய் வண்டிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். சீட்டில் அரைப் பொட்டலம் வேர்க்கடலை. அது எங்களுடையது இல்லை. எங்கள் வண்டியின் வலது கதவில் கழுதை உதைத்த பள்ளம் ஒன்று உண்டு. இந்தக் கதவு வழவழவென்று இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஹோட்டல் வண்டிகள் எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே மாதிரி. எங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தவர்கள் ஷட்லியும் அவன் மச்சினன் ராய்மியும், குராசாவ் தீவிலிருந்து வந்தவர்கள். முங்கி எழுந்து வந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே டயர் மேல் கையை விட்டிருக்கிறார்கள். எங்கள் டயர் மேல்.

"என் கண்ணாடி," என்றார் கெர்பன் மெதுவாக.

முகத்தில் மாட்டிக்கொண்டு முங்குவோமே, அந்தக் கண்ணாடி. அவருக்கு மைனஸ் ஒன்பது பவர். அதற்கென்று செய்து வாங்கியது. அதைத் துண்டில் சுற்றி சீட்டில் வைத்திருந்தார்.

"உள்ள எதையும் வைக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"ஏழு வருஷமா சொல்றீங்க. மணல்ல கீறல் விழுமேன்னு வச்சேன்."

என் கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்தேன். "இதப் போட்டா நீங்க திமிங்கிலமா கடல்குதிரையான்னே தெரியாது," என்றார். ஷட்லியின் போனுக்கு அடித்தேன். அது வேர்க்கடலைக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவுக்குள் மணி அடித்தது.

சிலிண்டர்களை அவர்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அவர்கள் வடக்கே போனதை நான் பார்த்திருந்தேன். அந்தக் கடலோர ரோடு ஒருவழிப் பாதை. உள்ளே போனால் திரும்ப முடியாது, ரிங்கோன் ஊரைச் சுற்றித்தான் வரவேண்டும். முங்கும் இடத்துக்கு அடையாளமாக வைத்த ஒவ்வொரு மஞ்சள் கல் பக்கத்திலும் மூன்று நான்கு வெள்ளை வண்டிகள். கெர்பன் தலையை வெளியே நீட்டி, "பள்ளம் இல்ல... பள்ளம் இல்ல..." என்று ஸ்டாப் பெயர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார்.

பள்ளம் ரிங்கோனில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றது. உள்ளே இரண்டு பேரும் ஆட்டுக்கறிக் குழம்பில் மூழ்கியிருந்தார்கள்.

"ஏன்டா ஷட்லி, வண்டி நல்லா ஓடுதா?"

"சூப்பரா ஓடுதுக்கா. ஆனா சீட்டு மட்டும் திடீர்னு முன்னாடி வந்துடுச்சு. முட்டி இடிக்குது."

"அது என் சீட்டுடா!"

ராய்மி கரண்டியைக் கீழே வைத்தான். "நான் அப்பவே கேட்டேன்க்கா, நம்ம கடலை எங்கடான்னு. நீதான் தின்னிருப்பேன்னு என்னைத் திட்டினான்."

"குராசாவ்காரனுங்கள்ட்ட வண்டியக் கொடுத்தா இப்படித்தான். நாளைக்குத் தீவையே மாத்தி ஓட்டிட்டுப் போயிருவீங்க."

"டயர் மேல வைக்கச் சொன்னது நீங்கதானேக்கா?" என்றான் ஷட்லி.

சாவியை மாற்றிக்கொண்டு நாங்கள் கிளம்ப, தட்டைப் பாதியில் விட்டுவிட்டு அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். நான் வரச் சொல்லவில்லை.

ஒன்றேகால் மணிக்குத் தண்ணீரில் இறங்கினோம். நேராக ஊதாப் பவளத்துக்குப் போனேன். இல்லை. அதற்கு அடுத்த கடல் விசிறி, கடற்பஞ்சு, அதன் பின்பக்கம், எல்லாம் தேடினேன். ஒன்று ஐம்பது ஆகிவிட்டது. மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் அந்தப் பவளத்தையே பார்த்துவிட்டு, சரி என்று விரலை வளைத்துக் காட்டினார். வாதாடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மேலே வரும் முன் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும். படகு கட்டும் மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாசி பிடித்த பழைய கயிறு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லாததால் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று அவர் வாயிலிருந்து குமிழிகள் வருவது நின்றது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பதறிப்போய்த் திரும்பினேன்.

அவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, கயிற்றின் பாசி நிறத்திலேயே, கட்டைவிரல் அளவு. வாலைக் கயிற்றில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கயிற்றில் எத்தனை தடவை நின்றிருப்பேன்! ஒருநாளும் கயிற்றைப் பார்த்ததில்லை.

அவர் தோளைத் தட்டினேன். மூச்சு விட்டார். மூன்று நிமிடம் என்பது ஐந்து நிமிடமாக ஆனது. இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தலையை வெளியே நீட்டினோம்.

கரையில் ஷட்லியும் ராய்மியும் கழுதைப் பள்ளத்தின் மேல் சாய்ந்து நின்றார்கள்.

"பாத்தீங்களா, ஐயா?" என்று ராய்மி கத்தினான்.

கெர்பன் கட்டைவிரலை மட்டும் தூக்கி, இவ்வளவுதான் என்று அளவு காட்டினார்.

வண்டியில் ஏறின பிறகும் அவர் அந்தக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கழட்டுங்க, கெர்பன். ஊரே பாக்குது."

"பாக்கட்டும்," என்றார். "இந்தத் தடவை நான் எதையும் சீட்டுல வைக்கப்போறதில்ல."

இப்போதும் காலையில் அதே வகுப்பை எடுக்கிறேன். சாவியை டயர் மேல் வைக்கத்தான் சொல்கிறேன். ஆனால் கூடவே ஆளுக்கு ஒரு கலர் துணி கொடுத்து, கதவுக் கைப்பிடியில் கட்டச் சொல்கிறேன்.